பழைய அலைவரிசையில் ஒருவர்

பணிநாள் 137 · 08:10 · நிலை: சீர்

கோபுரம் 4, தென்முனை விளிம்பு, நிலா. பதிவு எழுதுபவர்: செண்பகவல்லி, தளப் பொறியாளர், விண்மொழி அலைபேசி நிறுவனம். அறையில் ஆள்: ஒன்று. காற்று, மின்சாரம், சாப்பாடு எல்லாம் சரி. டீத்தூள் மட்டும் தீரப்போகிறது. அதை எழுத இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

புதிய அலைவரிசைக் கருவிகள் ஆறையும் கோபுரத்தில் ஏற்றியாகிவிட்டது. திறப்பு பணிநாள் 141, பகல் 12:00. எங்கள் போட்டியாளர்களான பேரலை நிறுவனத்தார் அதே நாள் 12:30-க்குத் திறக்கிறார்களாம். நிலாவில் மொத்தம் இருப்பதே நாலாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களைப் பிடிக்க இரண்டு நிறுவனங்கள் முட்டிக்கொள்கின்றன.

புதியதைத் திறக்க வேண்டுமானால் பழைய அலைவரிசையை மூட வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆண்டெனா, ஒரே மின்சாரம். சேர்த்து ஓட்டினால் புதியதன் வேகம் பாதியாகிவிடும். மூடுவதற்கு ஒரு விதி உண்டு: பழையதில் மூன்று நாள் தொடர்ந்து ஒருவர்கூட இருக்கக் கூடாது. நேற்று இருந்தவர்கள்: ஒருவர்.

பணிநாள் 137 · 16:30 · நிலை: சீர்

அந்த ஒருவர் லூர்து வாஸ். தூத்துக்குடிக்காரர், ஐம்பத்தெட்டு வயது. சூரியனே படாத பள்ளத்தின் அடியிலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் வண்டியை ஓட்டுகிறார். எனக்குக் கோவில்பட்டி என்று தெரிந்த நாளிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி. கொடுத்த புதுக் கைபேசியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பழையதையே தூக்கிக்கொண்டு அலைகிறார். ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்:

"ஒங்க புது போனு படம் நல்லாக் காட்டுது தங்கச்சி, இல்லங்கல. பள்ளத்துக்குள்ள எறங்குனா ஊமையாப் போவுது. பழசு அங்கயும் பேசுது. பேசுததத்தான நான் கொண்டு போவேன்?"

அவர் சொல்வது சரி. பழைய அலை விளிம்பில் வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். புதியது நேராகத் தலைக்கு மேலே போய்விடும். இதை மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். பள்ளத்துக்குத் தனிக் கருவி அடுத்த காலாண்டில் வரும் என்று இரண்டு முறையும் பதில் வந்தது.

பணிநாள் 138 · 11:30 · நிலை: சீர்

முகாம் அலுவலகத்திலிருந்து மேலாளர் சுந்தரவரதன்:

"செண்பகம், ஜீரோ ரிப்போர்ட் இன்னைலேர்ந்து ஓடினாத்தான் மூணு நாள் கணக்கு சரியா வரும். ஒரு ஆளுக்காக நாலாயிரம் பேரை பேரலைக்காரன்கிட்ட விடச் சொல்றீங்களா? எப்படியாவது ஜீரோ காட்டுங்க. நீங்க சீனியர், நான் சொல்லித்தர வேண்டியதில்ல."

சொல்லித்தர வேண்டியதில்லைதான். எங்கள் தொழிலில் இதற்கு 'பார் போடுவது', அதாவது தடை போடுவது, என்று பெயர். பராமரிப்பின்போது செய்யும் வேலை. கோபுரம் ஓடிக்கொண்டிருக்கும், திரையில் பச்சை விளக்கு எரியும், ஆனால் எந்தக் கைபேசியையும் உள்ளே சேர்க்காது. யாரையும் சேர்க்காததால் எண்ணிக்கை பூஜ்யம் என்று வரும். வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து, இன்று விருந்தாளி யாரும் வரவில்லை என்று எழுதுவதைப் போன்றது.

11:20-க்கு பார் போட்டேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'பராமரிப்பு' என்று எழுதினேன். பனி ஏற்றும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு வழக்கமான அறிவிப்பையும் அனுப்பினேன்: வலையமைப்பு மேம்பாடு நடக்கிறது, மூன்று நாள் ஓட்டுநர்களிடமிருந்து அழைப்பு வராமல் போகலாம், கவலைப்பட வேண்டாம்.

வாஸ் அண்ணாச்சி முகாமில்தான் இருப்பார் என்று வைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை.

பணிநாள் 139 · 15:15 · நிலை: சிறு தொந்தரவு

பழைய அலைவரிசை எண்ணிக்கை: பூஜ்யம்.

அதே அலைவரிசையில் இரைச்சல். 13:40, 14:10, 14:40, 15:10. ஒவ்வொன்றும் நான்கு வினாடி. பேரலைக்காரர்கள் திருட்டுத்தனமாகச் சோதனை ஓட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். நேரங்களைக் குறிப்பிட்டு அவர்களுக்கே நேரடியாகப் புகார் எழுதினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன்.

பணிநாள் 140 · 10:00 · நிலை: சீர்

பூஜ்யம். இரைச்சல் நேற்றிலிருந்து நிற்கவே இல்லை, புதியதன் சோதனைக்கு இடைஞ்சலாக இருந்தது. வடிகட்டி போட்டு எடுத்துவிட்டேன். திரை துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. மேலாளர் பாராட்டி ஒரு வரி அனுப்பினார். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பணிநாள் 141 · 10:12

பேரலையின் பொறியாளர் நௌஷாத் என்பவரிடமிருந்து பதில்:

"மேடம், நாங்க ரெண்டு நாளா அந்தப் பக்கம் எதையும் ஆன் பண்ணல. நீங்க எழுதின டைமைப் பாத்தேன். கரெக்டா அரை மணிக்கு ஒரு தரம். பழைய செட்டுல எமர்ஜென்சி பட்டனை அமுக்கினா இப்படித்தான் அடிக்கும், டவர் சேர்த்துக்கிட்டாலும் சேர்த்துக்காட்டியும். உங்க ஆளு யாராச்சும் வெளிய மாட்டியிருக்காங்களான்னு பாருங்க. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்."

வடிகட்டியை எடுத்தேன். 10:10. வந்தது. நான்கு வினாடி.

பணிநாள் 141 · 10:20

கட்டுப்பாட்டு அறையில் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். வாஸ் 138 காலை ஒன்பது மணிக்கே பள்ளத்தில் இறங்கிவிட்டாராம். நான்கு நாள் பயணம். சத்தமே இல்லை, நீங்கள்தான் மூன்று நாள் அப்படி இருக்கும் என்றீர்களே என்றார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மேலாளரிடம் சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"பாரை எடுத்தாத்தான் ஆள் எங்க இருக்கார்னு தெரியும், புரியுது. ஆனா எடுத்தா ஜீரோ ரிப்போர்ட் போச்சு, பன்னெண்டு மணி திறப்பும் போச்சு. பேரலைக்காரன் பன்னெண்டரைக்குத் திறந்துடுவான். வண்டியில நாலு நாள் காத்து இருக்கும்ல? ஒண்ணே முக்கால் மணி நேரம்தான் செண்பகம். திறப்பு முடியட்டும், உடனே எடுத்துடுங்க."

பாரை எடுக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அது என் மேசையில்தான் இருக்கிறது. அவருடைய அனுமதி அதற்குத் தேவையே இல்லை. வண்டியில் நான்கு நாள் காற்று இருக்கும் என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

10:40. நான்கு வினாடி. 11:10. நான்கு வினாடி. 11:40. பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பணிநாள் 141 · 12:20

12:00-க்குப் புதிய அலைவரிசை திறந்தது. முகாமில் கைதட்டினார்கள், ஒலிபெருக்கியில் கேட்டது. 12:04-க்கு பாரை எடுத்தேன். 12:10-க்கு இரைச்சலுக்குப் பதிலாகக் குரல் வந்தது.

"யாரு? தங்கச்சியா? வந்துட்டியா. முந்தாநா மத்தியானம் வண்டி சறுக்கிட்டு. கேபின் கிழிஞ்சிட்டு, அதுலேர்ந்து உடுப்புக்குள்ளயே கெடக்கேன். ஆறு சிலிண்டர்ல அஞ்சு காலி. ரெண்டு நாளா கத்துதேன், ஒருத்தருக்குமா கேக்கல?"

கருவியில் கோளாறு அண்ணாச்சி என்று சொன்னேன்.

"ஆமா, மெஷினு. நீ என்ன செய்வ, பாவம். அழாத, ஆளச் சொல்லி அனுப்பு."

இடம் கிடைத்தது. மீட்பு வண்டி 12:18-க்குக் கிளம்பிவிட்டது. போய்ச் சேர மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். அவருக்குக் காற்று 14:15 வரை.

இதை யாராவது கண்டெடுத்தால்: தலைமையகத்துக்குப் போகும் பதிவில் 'பராமரிப்பு' என்றுதான் இருக்கும். முந்தைய பதிவுகளின் மூலத்தை இந்தக் கருவிப் பெட்டியின் உள்நினைவில் சேர்த்துவிட்டேன். இனி எழுதுவதும் இங்கேதான். தொலைவிலிருந்து இதை அழிக்க முடியாது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். 10:20-க்கு அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், 10:40-க்கே குரல் வந்து, வண்டி 14:10-க்குள் போய்ச் சேர்ந்திருக்கும். 138-இல் பாரே போடாமல் இருந்திருந்தால் அவர் நேற்று முன்தினமே வீடு திரும்பியிருப்பார். மேலாளர் சொன்னார் என்று எழுதலாம். விரல் என்னுடையது.

பணிநாள் 141 · 12:45

அவருக்கு நேரம் தெரிந்துவிட்டது. வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார், சொன்னேன். அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தேற்ற ஆரம்பித்தார்.

"நீ மனசப் போட்டு ஒழட்டிக்காத. நீ இருக்க, எப்படியும் எடுப்பன்னுதான் விடாம அமுக்கிட்டே கெடந்தேன். ஒன் மேல என்ன தப்பு இருக்கு."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன். கோளாறு இல்லை, நான்தான் மூடினேன், பூஜ்யம் காட்டுவதற்காக மூடினேன். உங்கள் சத்தம் கேட்டது, இரைச்சல் என்று வடிகட்டினேன். இன்று காலை நீங்கள்தான் என்று தெரிந்த பிறகும் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

மன்னிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அதற்கும் சேர்த்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு:

"நீயா?"

அதன் பிறகு:

"சரி. இனி நீ பேசாத. எம் மவளுக்குப் போட்டுக் குடு. நீ நடுவுல வரக் கூடாது."

பணிநாள் 141 · 12:58

தூத்துக்குடியில் அவர் மகள் அனிஷ்டாவுக்கு இணைப்புக் கொடுத்தேன். மேலாளர் அழைத்தார். புதியதன் வேகம் பாதியாகிவிட்டது, பேரலை திறந்துவிட்டது, ஆட்கள் அந்தப் பக்கம் போகிறார்கள் என்று சொல்ல வந்தவர், நான் நிலைமையைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். பிறகு கேட்டார்:

"ரெக்கார்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

அழைப்பைத் துண்டித்தேன். பழைய அலைவரிசை திறந்தே இருக்கிறது.

பணிநாள் 141 · 13:35

கேட்கக் கூடாது. ஆனால் இந்தப் பழைய கருவியில் நடுவில் ஒருவர் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கேட்கிறேன்.

மகளிடம் அவர் எதையும் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே ஓய்வு, சும்மா கூப்பிட்டேன் என்றார். அவள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"யப்பா, கொத்தனாரு அடுப்பு மேடைய ரெண்டு இஞ்சு ஒசத்திக் கட்டிட்டாரு. நின்னு கிண்டுனா தோள்பட்ட வலிக்கும்ங்கேன், பழகிரும்ங்காரு. நீங்க வந்து சத்தம் போட்டாத்தான் இடிப்பாரு. எப்ப வாரிய?"

"வாரேன் தாயி. நீ சொல்லு. ஜன்னலு எந்தப் பக்கம் வச்சான்?"

ஜன்னலைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள்.

பணிநாள் 141 · 14:02

இப்போது அவர் அதிகம் பேசுவதில்லை. ம் என்கிறார். உடையின் மூச்சு அளவி இந்த அலைவரிசையில்தான் வருகிறது. நிமிடத்துக்கு முப்பத்தொன்று. மீட்பு வண்டி விளிம்பைத் தாண்டிவிட்டது, இன்னும் ஒரு மணி முப்பத்தாறு நிமிடம். ஓட்டுகிற பையனிடம் வேகமாகப் போ என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். அவன் ஏற்கெனவே போகக் கூடாத வேகத்தில் போகிறான்.

ஒருமுறை மட்டும் நடுவில் நுழையலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வதற்கு? வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

பணிநாள் 141 · 14:16

நிமிடத்துக்கு ஒன்பது.

நான்கு.

பணிநாள் 141 · 14:29

அளவியில் எதுவும் இல்லாமல் பதினொரு நிமிடம் ஆகிறது.

அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். வாசலுக்கு எந்தக் கல் போடலாம் என்று கேட்டாள், பதில் வரவில்லை, அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். நான் குறுக்கிட்டுச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வேறு யாரும் இங்கே இல்லை. இரண்டில் எதைச் செய்தாலும் அது மறுபடியும் என் கைதான். கை மேசையில் கிடக்கிறது, நகர மாட்டேன் என்கிறது. அண்ணாச்சி, நான்

"யப்பா? தூங்கிட்டியளா? சரி, நல்லாத் தூங்குங்க. நான் வைக்கல, லைன்லயே இருக்கேன்."