பின் இடது சக்கரம்

இர்மெலி,

நம் லவ்ரியின் காரை விலை பேசிய பெண் பதினோரு மணிக்கு வந்து எடுத்துப்போவாள். சாவி காபி டப்பாவுக்குப் பக்கத்தில். சால்மன் சூப் அடுப்பில் இருக்கிறது, ஒரு வாயாவது சாப்பிடு. நான் ஏரிக்குப் போகிறேன், வண்டி போனபிறகு வருவேன். தூண்டிலை எடுத்துப்போகவில்லை.

குளிரில் இஞ்சின் உறையாமலிருக்க ஹீட்டர் பிளக்கில் மாட்டியிருக்கிறது. வண்டியைக் கிளப்பும் முன் கழற்றச் சொல். டிக்கியில் சிவப்புப் பெட்டியில் இருப்பது பந்தயத் தடத்துக்கான பிரேக் பேட். சூடேறாமல் பிடிக்காது, சாலையில் ஓட்டும்போது அதைப் போட வேண்டாம்.

"பிள்ளை போய் நாலு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள வண்டிய விக்கக் கழுவி நிறுத்திட்டீங்க. மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?" என்று நேற்றுக் கேட்டாய்.

வண்டி முழுக்கக் கழுவினேன், சக்கரங்களை மட்டும் தொடவில்லை. வசந்தத்தில் குளிர்கால டயர்களைக் கழற்றி வைத்தபோது, எது எந்தப் பக்கம் என்று அவன் சாக்பீஸால் எழுதியது அப்படியே இருக்கிறது. நேற்று மாட்டும்போதுதான் பார்த்தேன். பின் இடதில் கூடவே ஒரு வரி: "அப்பா, அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நட்டை இன்னொரு தடவ முறுக்கு. நீ மறந்துடுவ."

சாலையெல்லாம் ஈரப்பனி. ஊர் தாண்டுவதற்குள் அந்த எழுத்து அழிந்துவிடும். அவள் வருவதற்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடு.

தாய்ஸ்தோ

மறந்தே போனேன். ஐம்பது கிலோமீட்டரில் நட்டை முறுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு.