ஏப்ரன் நாடாவில் ஒரு தறிமுடிச்சு

அக்கா, இன்று காலை உங்கள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். கார்பாலிக் மருந்துத் தண்ணீரில் கொதிக்கவைத்த வாடை இத்தனை வருடத்துக்குப் பிறகும் மடிப்புக்குள் இருக்கிறது. இடது நாடாவின் நடுவில் நீங்கள் போட்ட தறிமுடிச்சும் அப்படியே இருக்கிறது. பெட்டியில் பூட்டி வைத்திருந்ததை இன்றைக்கு ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். பத்து மணிக்கு மேட்ரன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் சண்டைக்குப் போகிறேன்.

அந்த முடிச்சு என்னிடமிருந்து உங்களுக்கு வந்தது. நான் பதிவு பெற்ற நர்ஸ் ஆகி வேலைக்கு வந்த முதல் மாதம், ஆண்கள் வார்டில் என்னைத் தன்னந்தனியாக நிறுத்தினார்கள். புதிதாக வந்தவள் தனியாக நின்றுதான் பழகவேண்டும் என்பது நம் ஆஸ்பத்திரி வழக்கம். சக்கரம் ஏறிய ஒரு வண்டிக்காரர் காலுக்குக் கட்டுப்போட்டேன். படிக்கிற காலத்தில், எளிதாக அவிழும் தட்டையான முடிச்சு எத்தனையோ போட்டவள்தான். அன்றைக்குப் பயத்தில் என் கை எங்கள் ஊர் ஜலகண்டாபுரத்துத் தறிக்கே போய்விட்டது. அறுந்த இழையை இணைக்க எங்கள் வீட்டில் போடும் தறிமுடிச்சு விழுந்துவிட்டது. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. கால் வீங்கி அந்த மனிதர் அலற, டாக்டர் முடிச்சை நகத்தால் பிராண்டிப் பார்த்துவிட்டுக் கத்தரியால் வெட்டினார். "இவளைத் தறிக்கே திருப்பி அனுப்புங்க" என்றார்.

தறிக்குத் திரும்ப எனக்கு வழி ஏது? கண்டவர் ரத்தத்தையும் தொடுகிறவள் என்று வீட்டில் என் தட்டைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். அதை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

வேலையில் நீங்கள் எனக்கு ஒரே ஒரு வருடம் மூத்தவர். பக்கத்து வார்டிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றீர்கள். "ஏனுங்க டாக்டர், பயந்த கைக்குச் சின்ன வயசுல பழகினதுதானுங்க வரும். தனியா நிக்க வெச்சுப் பயமுறுத்துனது யாருங்க? முதல் வருசம் முடியற வரைக்கும் இவ பக்கத்துல நான் நிக்கறேனுங்க. இவளை அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க." கட்டிலில் கிடந்தபடியே அந்த வண்டிக்காரர், "அம்மிணி சொல்றது நாயந்தானுங்க" என்றார்.

சொன்னபடி நின்றீர்கள். உங்கள் வேலை முடிந்ததும் என் வார்டுக்கு வந்துவிடுவீர்கள். என் வேலையை ஒருநாளும் நீங்கள் தொட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "போடு சாமி, நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சேந்தமங்கலம் சந்தைக் கதை சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள். "உன்ற முடிச்ச எனக்கும் சொல்லிக் குடு, டாக்டர் வாயைக் கட்டிப்போடலாம்" என்பீர்கள். அப்படித்தான் கற்றுக்கொண்டீர்கள்.

என்னை விட்டுவிட்டார்கள், உங்களை விடவில்லை. காலரா வந்து ஊருக்கு வெளியே நோயாளிகளுக்குக் கொட்டகை போட்டபோது மேட்ரன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "உனக்குத்தான் பக்கத்துல நிக்கப் பிடிக்குமே, அங்க போய் நில்லு." துணைக்கு ஒரு நர்ஸைக்கூட அனுப்பவில்லை. நான் தினமும் கஞ்சித் தூக்கோடு வந்து மூங்கில் வேலிக்கு இப்பால் நிற்பேன். ஒருநாள் நாடாவைத் தூக்கிக் காட்டினீர்கள். "அறுந்துபோச்சு சாமி. உன்ற முடிச்சுதான் போட்டிருக்கறேன், நல்லா நிக்குது." பிறகு ஒருநாள் கஞ்சி வாங்க நீங்கள் வரவில்லை. கொதிக்கவைத்த ஏப்ரனை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். உங்கள் படத்துக்கு மாலை போட்டுத் தியாகம் என்று பேசினார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை அக்கா. அது தியாகம் இல்லை, தண்டனை. கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

இப்போது நானும் ஒரு வார்டுக்குப் பொறுப்பு. என் வார்டில் புதுப்பெண் யாரும் தனியாக நின்றதில்லை. நேற்று நான் இல்லாத நேரம் பார்த்து, போன மாதம் வந்த பெண்ணைப் பக்கத்து வார்டுக்கு இழுத்துத் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். சேலம் கடைவீதியில் மளிகை வைத்திருக்கும் ராவுத்தர் மகள். பயத்தில், வீட்டில் பால் பாத்திரத்துக்குச் செய்வதைப்போல, தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டாள். அது வெடித்துவிட்டது. உடனே வீட்டுக்கு அனுப்பு என்கிறார்கள். "வீட்டுக்குப் போனா திரும்ப வெளியவே விடமாட்டாங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லவேண்டுமா?

அவளுக்காகப் பேசினால் இந்த வருடக் காலராக் கொட்டகைக்கு நான்தான் என்று ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும். அந்தப் பெண் வராந்தாவில் காத்திருக்கிறாள். மேட்ரன் முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் நிற்கப்போகிறேன். கொட்டகைக்குப் போ என்றால், வழிகாட்ட ஆள் வேண்டாம் என்பேன். கஞ்சித் தூக்கோடு தினமும் நடந்த வழிதானே அக்கா.