இரண்டு பக்கமும் கையெழுத்து

பாப்பா அப்பாவுக்கு,

அக்காவுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. செம்பட்டிக்குப் போகிறேன், காலையில் வந்துவிடுவேன். சோறும் புளிக்குழம்பும் இருக்கிறது. வெஞ்சனத்துக்கு அப்பளம் பொரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். வாசிப்பில் திக்குகிறாள் என்று நம் தேவதர்ஷினியை நாலாவதுக்கு இறக்கவில்லை, அஞ்சாவதிலேயே இருப்பாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நேற்று கத்தினீர்களே, "மில்லுல எம்புட்டு ஒப்பந்தம் பாத்திருக்கேன், ஒரு பக்கம் மட்டும் கையெழுத்துப் போட்டா அது ஒப்பந்தமாடி?" என்று. உங்கள் மேல் அந்தக் கோபத்தோடுதான் போனேன். ஆனால் வீட்டில் தினமும் வாசிக்கவைப்போம் என்று நாம் கையெழுத்துப் போட வேண்டிய தாளை ஜெஸ்ஸி டீச்சர் நீட்டியதும் என் வாயில் வந்தது உங்கள் பேச்சுதான்.

"தெனமும் பாப்பாவ வாசிக்கச் சொல்லி நாங்க கேக்குறோம் டீச்சர். நீங்க என்ன செய்வீங்க?"

டீச்சர் சிரித்துவிட்டார். "உங்க வீட்டுக்காரரு யூனியன்ல இருக்காரா?" என்று கேட்டார். பிறகு, சாயங்காலம் அரை மணி நேரம் தானே உட்காரவைத்துச் சொல்லித் தருவதாகவும், வாசிப்பில் திக்கினால் வெளியே நிறுத்துவதில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். உங்கள் இடம் காலியாக இருக்கிறது. தாள் டிவி மேல்.

சொர்ணம்

ராத்திரி டிவியை அணைத்துவிட்டு அவள் வாசிப்பதைக் கேளுங்கள். திக்கினால் செத்த நேரம் பொறுங்கள், அவளே சொல்லிவிடுவாள்.

இன்னொன்று. நாலாவதுக்குப் போக வேண்டாம் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே நீங்கள் சொல்லிவிடுங்கள்.