லேபர் ஆபீசருக்கான நோட்டு

திருவனந்தபுரம்
8 ஏப்ரல் 2026

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை. போனில் கேட்டால், முதலாளியின் மச்சான் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறான் என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

எங்கள் விசாவுக்காக நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டுகளைப் பழவங்காடியில் விண்ணப்பம் நிரப்பித் தரும் ரெம்யாவிடம் கொண்டுபோனேன். "மாசம் மூவாயிரம் யூரோவா சேச்சி! பின்னே எதுக்கு இந்த ஒத்த ரூம் வீட்ல கிடக்குது?" என்று சிரித்தாள். என்னிடம் நீங்கள் சொன்னது இரண்டாயிரம்.

ஒன்பது மாதமாக மாதம் ஆயிரம் எங்கே போகிறது? நான் இங்கே சாலை பஜாரில், நீங்கள் முன்பு வேலை பார்த்த அதே ஹோட்டலில் கணக்கு எழுதிக்கொண்டு, பாப்பாவுக்கு மூச்சிரைக்கும்போதெல்லாம் தனியாக ஆட்டோ பிடித்து ஓடுகிறேன். அங்கே வேறு குடும்பம் இருந்தால் சொல்லிவிடுங்கள். பொய் மட்டும் வேண்டாம்.

கௌசல்யா

டப்ளின்
11 ஏப்ரல் 2026

அன்புள்ள கௌசிக்கு,

வேறு குடும்பமா? பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்கிறவனுக்கா? நல்லாக் கேட்டே போ.

வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுத்தால் இவ்வளவு சம்பளமாவது கொடுக்கணும் என்று இங்கே சட்டம். குறைந்தால் பெர்மிட் கிடையாது. முதலாளி முழுதாக பேங்கில் போடுவார். மறுநாள் நான் ஆயிரத்தை எடுத்து அவர் கையில் கொடுக்கணும். வந்த அன்றே சொன்னார், சரி என்றேன்.

எனக்கு அது புதிதாகப் படவில்லை கௌசி. நம் ஹோட்டலில் லேபர் ஆபீசருக்குக் காட்ட ஒரு நோட்டு உண்டே, அதில் பதினெட்டாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பன்னிரண்டு வாங்கினவன்தானே நான்? நீதான் பேனாவை நீட்டுவாய். "படிக்கவெல்லாம் வேண்டாம் மாஸ்டர், சும்மா போடுங்க" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கட்டினேன்.

நீங்கள் வந்து சேரும்வரை பொறு. வாயைத் திறந்தால் பெர்மிட் போய்விடும்.

உன்
பால்பாண்டி

திருவனந்தபுரம்
2 மே 2026

மாஸ்டருக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பல தடவை எழுதி அழித்தேன். எல்லாம் உங்களைத் திட்டி எழுதியவை. பி.காம். படித்தவள், அந்த நோட்டு என்னவென்று தெரிந்தேதான் நீட்டினேன். இந்த ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது?

நேற்று சம்பள நாள். பரோட்டா போடும் அஜீஷிடம் பதின்மூன்றாயிரம் கொடுத்தேன். நோட்டிலும் பதின்மூன்று என்றே எழுதினேன். "தப்பாயிட்டு எழுதிட்டீங்க கேட்டோ சேச்சி" என்றான். "படிச்சுப் பார்த்துப் போடு" என்றேன்.

முதலாளி நோட்டைப் பிடுங்கினார். "புருஷன் யூரோ அனுப்புற திமிரா உனக்கு?" அந்தத் திமிரின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்! நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார்.

ஆக, எனக்கு வேலை போச்சு. இனி உங்களிடம் தைரியமாகக் கேட்கலாம்.

அந்தச் சட்டம் உங்களை யாரும் மலிவாக வாங்கக் கூடாது என்று போட்டது. நீங்களோ உங்களை மாதாமாதம் கழிவு போட்டு விற்கிறீர்கள். அங்கே உங்கள் முதலாளி என்றைக்கு விரட்டுவானோ என்று பயந்துகொண்டு, மூச்சிரைக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே வரமாட்டேன். விசா விண்ணப்பத்தை ரெம்யாவிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன்.

அங்குள்ள லேபர் ஆபீசுக்குப் புகார் எழுதி இணைத்திருக்கிறேன். நீங்கள் பணம் கொடுத்த ஒன்பது தேதிகளுக்கும் இடம் விட்டிருக்கிறேன். படித்துவிட்டுப் போடுங்கள்.

கௌசல்யா

டப்ளின்
30 மே 2026

அன்புள்ள கௌசிக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லையென்று திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு.

ஒன்பது இல்லை, பத்து. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் ஏப்ரலுக்கும் கொடுத்திருந்தேன். அதையும் சேர்த்தேன்.

நேற்று மே சம்பளம் வந்தது. மச்சான் கையை நீட்டினான். "சீட்டில் இருக்கிறது என்னுடையது" என்றேன். பெட்டியை வாசலில் வைத்துவிட்டான். இப்போது ஜெபசிங் என்ற நாகர்கோவில்காரர் வீட்டில் இருக்கிறேன். இன்று காலை புகாரைப் படித்துக் கையெழுத்துப் போட்டு லேபர் ஆபீசுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன்.

இதே சம்பளத்தை உண்மையாகவே கொடுக்கிற முதலாளி கிடைத்தால் இருப்பேன். இல்லையென்றால் வருவேன். எது என்று தெரியவில்லை. டப்ளின் பள்ளிக்கூடம் என்று பாப்பாவுக்கு ஆசை காட்டியது நான்தான். என் பேரைச் சொல்லி அழட்டும். அங்கேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடு.

விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து கேட்பார்கள். நீயே போட்டுவிடாதே. எனக்கு அனுப்பு. படித்துவிட்டுப் போடுகிறேன்.

உன்
மாஸ்டர்