அரை டன் தண்ணீருக்கு ஆறு கால்

மே 19, 1947. திங்கள்.

காலையிலிருந்தே மேற்கேயிருந்து கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண். விடுமுறைதான், ஆனாலும் பெரிய டீச்சர் ஆள் விட்டிருந்தார்கள். பள்ளிக்குப் போனால், மாட்டுவண்டியில் வைக்கோல் சுற்றி ஒரு கண்ணாடித் தொட்டி. மீன் வளர்க்கும் தொட்டி. துறைமுகத்துப் பங்களாத் துரை கப்பலேறிப் போகிறாராம். பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்.

அளந்தேன். நீளம் நாலடி, அகலம் இரண்டு, உயரம் இரண்டு. இரும்புச் சட்டம், அடியில் கற்பலகை, நாலு பக்கமும் தடித்த கண்ணாடி. கீறல் ஒன்றுகூட இல்லை. உடைந்தால் இந்த ஊரில் மாற்றுக் கண்ணாடி கிடையாது.

பெரிய டீச்சர் ஆழ்வார்திருநகரிக்காரர். பேச்சில் இழுப்பு இருக்கும், முடிவில் இருக்காது. "தரையில வைக்கப்படாது. ஸ்திரமா ஒரு ஸ்டாண்டு வேணும். ஜூன் ஒன்பது, ஸ்கூல் திறக்கற அன்னிக்கு அது இல்லேன்னா திருநெல்வேலி காலேஜுக்கு அனுப்பிடுவேன். அவா கேட்டுண்டே இருக்கா."

பள்ளி ஆசாரிக்கு ஆனி முடியக் கல்யாணக் கட்டில் வேலை. நானே செய்கிறேன் என்றேன். பெ.டீ. சிரிக்கவில்லை. அதற்காகவே செய்யலாம்.

விடமாட்டேன். போன பரீட்சையில் முத்துச்சிப்பி படம் வரையச் சொன்னேன். எட்டாம் வகுப்பு, முப்பத்தொரு பெண்கள். எல்லாரும் வரைந்தது கழுவிக் காயவைத்த ஓடு. கடைக்காரர் வீட்டுப் பெண்கள். பெரியவளானதும் கடற்கரைப் பக்கம் விடுவதில்லை. என்னையும் விட்டதில்லை. உயிருள்ள சிப்பியை நான் முதலில் பார்த்தது மதராஸ் காலேஜில், பத்தொன்பது வயதில், ஒரு பீங்கான் தட்டில். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

மே 20, செவ்வாய்.

கணக்கு. மேலே மூன்று அங்குலம் விட்டால் பதினாலு கன அடி. கடல் தண்ணீர் கன அடிக்கு 64 ராத்தல். தண்ணீர் மட்டும் 896. தொட்டி, அடியில் போடும் மணல், கல், எல்லாம் சேர்த்து அரை டன்.

சாப்பாட்டில் அண்ணனிடம் சொன்னேன். உப்பு வியாபாரி. ஒரு மூடையைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்லுவான். "ஏளா, தண்ணிக்கு என்னளா அம்புட்டு கனம்? கையில அள்ளுனா ஒழுகிப்போவுது." பிறகு விரல்விட்டு எண்ணினான். "ஏழு மூடை உப்பா? ஒரு மேசை மேலயா?"

மேசை இல்லை, ஸ்டாண்டு. நாலு கால் போதும் என்றான். ஆறு என்றேன். மூலைக்கு ஒன்று, நடுவில் இரண்டு.

வேண்டியவை:
வைரம் பாய்ந்த பனங்கட்டை, ஆறு கால் (அண்ணனின் உப்புக் கிட்டங்கியில் கிடக்கிறது)
மேல்சட்டத்துக்குத் தேக்கு. உடைத்த தோணியின் கட்டை என்றால் உப்புத்தண்ணீர் பழகியது
செம்பு ஆணி. இரும்பு கூடாது, ஆறு மாதத்தில் துருத் தின்னும்
வாள், உளி, இழைப்புளி: பக்கத்து வீட்டில் இரவல்
புளியம்பழம் வாங்க (மதினி சொன்னது, மறக்காதே)

மே 23, வெள்ளி.

தேக்கும் ஆணியும் சவரிமுத்து கொண்டுவந்தார். தோணி கட்டும் ஓடாவி. என் வயதுதான் இருக்கும், பேச்சு மட்டும் எண்பது வயசுக்காரர் மாதிரி சலிப்பு. நான் வாள் பிடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, அது மரம், வெண்டைக்கா இல்ல" என்று சொல்லிப் போய்விட்டார்.

பனை அறுப்பது லேசில்லை. நார் நாராக வாளைப் பிடித்துக்கொள்கிறது. நாலு கால் முடிந்தது. வலது உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.

மதினி எண்ணெய் தடவிக்கொண்டே: "பொண்ணு பாக்க வாரவங்க கையப் பாத்தா ஓடிருவாங்க."

"ஓடுறவன் எனக்கு எதுக்கு மதினி?"

மதினி சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது.

மே 27, செவ்வாய்.

காலின் தலையைக் கழுந்தாகச் செதுக்கி, தேக்குச் சட்டத்தில் துளை போட்டு இறக்கியாகிவிட்டது. ஆறும் விரல் நுழையாத இறுக்கம். குறுக்கே சட்டங்கள், செம்பு ஆணி. மேலே தலை நீட்டிய கழுந்துகளை இழைத்துவிட்டேன். நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது.

தள்ளிப் பார்த்தேன். தோளால் முட்டிப் பார்த்தேன். வீடுதான் அசையும் போல.

எனக்கு இது வரும். எப்போதுமே தெரியும்.

மே 28, புதன்.

சோதனை. அண்ணன் கிட்டங்கியில் புதுப் பரண் போட்டாலும் புது வண்டி வாங்கினாலும் ஒரே சோதனைதான்: உப்பு மூடையை ஏற்று, ஒரு பகல் விடு, பார். இந்த ஊரில் வேறு சோதனையே யாருக்கும் தெரியாது. ஏழுக்குப் பத்தாக ஏற்றினோம். பத்தும் பூனை மாதிரி சுருண்டு உட்கார்ந்தன. சாயங்காலம் வரை ஒரு நூல் அசையவில்லை. கடைசியில் அண்ணனே மேலே ஏறி நின்றான்.

"ஏளா, கல்யாண மண்டபமே கட்டலாம் போல."

பள்ளிக்கு ஏற்றி அனுப்பியாயிற்று. பெ.டீ. சுற்றிவந்து பார்த்தார்கள். "பாக்க முரடா இருக்கு" என்றார்கள். முரடாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு.

எழுதிவிடுகிறேன்.

மாதா கோயில் பூசை முடிந்து சவரிமுத்து வண்டியில் ஆறு பீப்பாய் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். ஆறு பேர் சேர்ந்து தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றினோம். தண்ணீர் ஊற்ற ஊற்ற நான் பெருமையில் மிதந்தேன். பாதி நிறையும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். விரல் சொடுக்கியது போலத்தான். பிறகு கிழக்கு மூலையிலிருந்து சொட்டு. சொட்டு. சொட்டு.

"அள்ளுங்க" என்று கத்தியிருக்கிறேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாளி, சொம்பு, சாக்பீஸ் டப்பா, எல்லாவற்றாலும் அள்ளி, தொட்டியைத் தரையில் இறக்கினோம்.

கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. ஓரத்தில் அடைத்திருந்த எண்ணெய்ப் பசை விட்டுவிட்டது. தப்பித்தது தொட்டி, நான் இல்லை. பெ.டீ. நனைந்த தரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "ஒன்பதாம் தேதி" என்று மட்டும் சொன்னார்கள்.

வெட்கம்.

ஜூன் 2, திங்கள்.

விடிந்ததும் பள்ளிக்குப் போனேன். சட்டத்தின் மேல் உள்ளங்கையை ஓட்டினேன். நடுவில் தட்டியது. இரண்டு நடுக்கால்களின் தலையும் ஓர் அரிசிப் பருமன் மேலே நிற்கின்றன. பனைநார் இழைப்புளிக்கு வழுக்கிக்கொடுத்துவிட்டு நின்றிருக்கிறது, சுற்றியுள்ள தேக்கு மட்டும் இழைபட்டிருக்கிறது. மட்டம் பார்த்து மறுபடி இழைத்தது மூலைகளில் மட்டும். நடுவை யார் பார்த்தார்கள்? அவ்வளவு பாரமும் நான் வீம்புக்கு வைத்த இரண்டு கால் மேல், தராசு மாதிரி.

பத்து மூடை இதைக் காட்டவில்லையே என்று சவரிமுத்துவிடம் கேட்டேன். அவர் பீப்பாய்களைத் திரும்ப எடுக்க வந்திருந்தார்.

"மூடை மேடு பள்ளம் பாத்து ஒக்காந்துக்கிடும் டீச்சரம்மா. கல்லு ஒக்காராதுல்லா. உப்புக்காரங்க வீட்டுச் சோதனைக்கு உப்புதான் பாஸாவும்."

கோபம் வந்தது. சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம்.

தோணியில் பலகையோடு பலகை ஒட்டப் பார்ப்பது எப்படி என்று கேட்டேன். கரியும் எண்ணெயும் குழைத்து ஒன்றில் தடவி, மற்றதை வைத்து எடுப்பார்களாம். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் செதுக்கு, மறுபடி வை. "எத்தனை தடவை?" "கண்ட எடமெல்லாம் கரி ஒட்டுத வரைக்கும்."

சரி. அப்படியே ஆகட்டும்.

ஜூன் 5, வியாழன்.

மூன்று நாளாகக் கரி. தொட்டியின் அடிச்சட்டத்தில் தடவி, ஆறு பேர் இறக்கி, ஏற்றி. முதல் தடவை நடுவில் இரண்டே பொட்டு. பனையை உளியால் சீவினேன். ஐந்தாம் தடவை இரண்டு மூலை. ஒன்பதாம் தடவை அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உப்பு எவ்வளவோ தேவல" என்றான். ஆனாலும் கடையை மதினியிடம் விட்டுவிட்டு மூன்று நாளும் வந்தான். பதினோராம் தடவை சட்டம் முழுக்க ஒரே கறுப்பு, ஒரு விரல்கூட விடாமல்.

ஓரத்துக்குப் புதுப் பசை. இரண்டு நாள் காய வேண்டும்.

புடவை மூன்று பாழ். மதினி பார்த்த பார்வை.

ஜூன் 8, ஞாயிறு.

தண்ணீர் நிரப்பினோம். பாதியில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சத்தமில்லை. முழுக்க நிறைந்தது. அடியில் காகிதம் விரித்து வைத்தேன், சாயங்காலம் எடுத்தேன், காய்ந்த காகிதம். எனக்கு ஆடவேண்டும் போல இருந்தது. பெ.டீ. இருந்ததால் ஆடவில்லை.

மீன் இலாகா ஆபீஸுக்கு எழுதிக் கேட்ட முத்துச்சிப்பி ஆறு வந்தது. மணல் மேல் வைத்தோம். ஆறும் வாயை இறுக்கிக்கொண்டு கிடக்கின்றன.

ஜூன் 9, திங்கள்.

பள்ளி திறந்தது. காற்று இல்லை, புழுக்கம்.

இரண்டாம் பாடவேளை, அதே பெண்கள், இப்போது ஒன்பதாம் வகுப்பு. சிப்பி திறக்கவில்லை. பத்து நிமிடம். "டீச்சர், செத்துட்டா?" "பேசாம பாருங்க." பிறகு ஒன்று திறந்தது, நகக்கண் அளவு. உள்ளே ஓரமெல்லாம் கறுப்பு மயிர் போல அசைந்தது. முப்பத்தொரு பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஸ்டாண்டில் முட்டினார்கள். பெண்களின் பாரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் மேலே லேசாகத் தளும்பி நின்றது. அவ்வளவுதான்.

பஜாரில் நவதானியக் கடை வைத்திருப்பவர் மகள், வகுப்பில் வாய் திறக்காதவள், கண்ணாடியில் மூக்கை வைத்தபடி கேட்டாள்: "டீச்சர், இது எந்த ஊருக் கடல்ல இருக்கு?"

நம் கடலில் என்றேன்.

"நம்ம கடல்னா?"

"இங்கனதான். உங்க தெருவுல இருந்து நடந்தா இருவது நிமிஷம்."

அவள் நம்பவில்லை. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. பிறகு என்னிடம், "அப்ப கூட்டிட்டுப் போவீயளா?"

போவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன், பெ.டீ. வாசலில் நிற்கிறார்கள். எவ்வளவு நேரமாகவோ. தலையை நீட்டித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கிழமை?" என்றார்கள். "நானும் கடலக் கிட்டப் போய்ப் பாத்ததில்லே."