பதினாறில் போனால் போதும்

சாந்தோம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லாவண்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆட்டோவும் சுகம், மூவரில் ஆட்டோவுக்கு மட்டும் லேசாக இருமல். மஸ்கட்டில் நீ நைட் டூட்டி முடித்து வெறும் டீயோடு படுத்துவிடாமல் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அம்மா பிடுங்கித் தன் கதையாக்கிவிடுவாள், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா குரூப் ஃபோர் எழுதினாள். போன தடவை சராசரிக் கணக்குகளை அப்படியே விட்டுவந்ததில்தான் வேலை கைநழுவியது, பள்ளிக்கூடத்துத் தற்காலிக வேலையும் இந்த வருடத்தோடு முடிகிறது, அதனால் சோறு வடிக்கும்போதும் கணக்குதான். ஐந்து பேரின் சராசரி எடை, ஆறாவது ஆள் வந்ததும் ஏறுகிறது என்று படிப்பாள், அந்த ஆறாவது ஆளு நீதான்யா என்று என் தொப்பையைக் காட்டுவாள். தேர்வு மையம் போரூர்ப் பக்கம், பதினாறு கிலோமீட்டர். எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், ஒன்பதுக்கு கேட்டை மூடிவிடுவார்கள். சராசரி இருபத்துநாலில் போவேன், நாற்பது நிமிடம் போதும் என்று சவடால் விட்டு ஏழு ஐம்பதுக்குக் கிளப்பினேன். தி.நகரில் எனக்குத் தெரியாத சந்தா என்று உள்ளே நுழைந்தால், முன்னால் ஜவுளி இறக்குகிற லாரி, பின்னால் தண்ணி லாரி. கோடம்பாக்கம் பாலம் ஏறும்போது மணி எட்டரை, பாதித் தூரம்தான் ஆகியிருந்தது.

நான் விடவில்லை. பன்னிரண்டு வேகத்தில் வந்தோம், மிச்சத்தை முப்பத்தாறில் அடித்தால் கூட்டி இரண்டால் வகுக்க இருபத்துநாலு, சொன்ன நேரம் சரியாகிவிடும் என்று கைப்பிடியை முறுக்கினேன். அம்மா பின்னாலிருந்து தோளில் குத்தி, இன்னாய்யா கணக்கு இது, நாப்பது நிமிஷமும் இங்கியே தீந்துபோச்சு, இனிமே ராக்கெட்டுல போனாலும் எட்டரை வராது என்றாள். சிக்னல் விழுவதற்குள் மிச்சத்தையும் அவளே சொன்னாள், கேட்டு மூட அரை மணி கீது, எட்டு கிலோமீட்டருக்குப் பதினாறுல போனா போதும், நீ இருபதுல போ, எவனையும் முந்தாத, என்னை முழுசா கொண்டுபோய் எறக்கு. அப்படியே ஓட்டினேன், வடபழனியில் ஒரு கல்யாண வேன்கூட என்னைத் தாண்டிப் போனது. ஆறு நிமிடம் பாக்கி இருக்கச் சேர்ந்தோம். ஓடாதீங்கம்மா, டைம் கீது என்றார் கேட்டில் நின்ற காவலர்.

அவள் உள்ளே போனதும் நான் ஆட்டோவில் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டேன். இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவை மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்ததும் பதினைந்து வந்தது, நான் பீற்றிய இருபத்துநாலு எங்கே, இது எங்கே. மதியம் வெளியே வந்தவள், சராசரி கணக்கு ஒண்ணையும் விடல, ஒண்ணுல மட்டும் சந்தேகம், பசிக்குது, எங்கியாச்சும் நிறுத்து என்றாள். போன தடவை தண்ணீர்கூடக் குடிக்காதவள் சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், எனக்கு அதுவே பாதி ரிசல்ட். என் பதினைந்தைச் சொன்னேன். மனசுக்குள் போட்டுப் பார்த்துத் தலையாட்டி, அடுத்த தபா நீயும் எழுதுய்யா, நீ ப்ளஸ் டூ பாஸு, ஒனக்கு வயசு தடை இல்ல என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

முருகன் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். ரிசல்ட் வர மாதங்கள் ஆகும், அதுவரை எத்தனை மார்க் வரும் என்று அவளைக் கேட்காதே. என் பழைய ப்ளஸ் டூ சான்றிதழை நீ எந்தப் பெட்டியில் வைத்தாய் என்று மட்டும் எழுது.

ஆசிகளுடன்
உன் அப்பா
அய்யாதுரை