பொட்டில்லாத இத்தாலிக்காரி

பெப்ரவரி 6, செவ்வாய்
மகள் ரிஷானிக்கு லேசான காய்ச்சல். பிள்ளைகள் காப்பகத்தில் எடுக்கமாட்டோம் என்றார்கள். இவர், தயாபரன், விடியவே வேலைக்குப் போய்விட்டார். சுவிஸின் சூக் நகரில் ஹூபர் அம்மையார் வீடு துப்புரவாக்கும் நாள். அவர் வெளியூர் போயிருந்ததால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிவரக் கூடாதென்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளே சொன்னவர்.

அங்கே சோபாவுக்கு மேலே ஓர் இத்தாலிப் பெண்ணின் எண்ணெய்ச் சாய ஓவியம். அவள் பெயரும் வரைந்தவர் பெயரும் தெரியாதாம். நான் முகம் கழுவ, வழக்கம்போலப் பொட்டைக் கழற்றிக் குளியல் தொட்டி விளிம்பில் ஒட்டினேன். திரும்பி வந்தால் ரிஷானி சோபாவில் ஏறி நிற்கிறாள்.

"அம்மா, இந்த மாமிக்குப் பொட்டில்லை. நான் வச்சிட்டன்."

நகத்தால் உரித்தேன். மிளகளவு சாயமும் சேர்ந்து வந்தது. ஏன் உரித்தேன்?

பெப்ரவரி 7
ஒருவருக்கும் சொல்லவில்லை. தயாபரனுக்கும்.

பெப்ரவரி 9, வெள்ளி
ஹூபர் அம்மையார் போன் எடுத்தார். வியாழக்கிழமைகளில் துப்புரவாக்க வரும் புனிதவதி அக்கா ஈரத்துணியால் ஓவியத்தைத் துடைத்துக் கெடுத்துவிட்டாராம். இனி வரவேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. வியாழனும் நீங்களே வருவீர்களா என்று கேட்டார்.

"யா, கேர்னெ." ஓம், சந்தோஷமாக என்று. யோசிக்கக்கூட இல்லை.

அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்ததே அக்காதான். பிழையில்லாத ஜேர்மன் — இதுக்குத்தானோ படிச்சனான்?

பெப்ரவரி 14
பஸ்ஸில் அக்கா. "ஹூபர் அம்மாவிட்ட உம்மட பேரையும் சொன்னனான். அந்தப் பிள்ளையிட்டக் கேளுங்கோ, நான் படத்தில கை வைக்கிறேல்லை எண்டு. கேட்டவவோ?"

கேட்கவில்லை என்றேன். அது உண்மை. அதனாலேயே இன்னும் கூசியது.

"படத்தில பேரில்லாத பொம்பிளைக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லைப் பாரும்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சீ.

பெப்ரவரி 15, வியாழன்
அக்காவின் நாளில் போனேன். துணிகள் அவர் மடித்தபடியே இருந்தன. எடுக்கக் கை வரவில்லை. ஹூபர் அம்மையாரிடம் சொன்னேன் — பிள்ளை, பொட்டு, நகம், எல்லாம். ஜேர்மன் பிழைபிழையாக வந்தது. அவர் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புனிதவதி மூன்று தரம் இல்லையென்றார்," என்றார். பிறகு என்னிடமிருந்த வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன்.

பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி, வைக்கிறன்."

பெப்ரவரி 29
செவ்வாயும் வியாழனும் இப்போது அக்காதான் அங்கே போகிறாராம். தயாபரன் கேள்விப்பட்டு வந்து சொன்னார். வேறு வேலை தேடுகிறேன்.

இன்று ரிஷானியோடு போகையில் பஸ்ஸில் அக்காவைக் கண்டேன். அவருக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. நான் நின்றுகொண்டேன். இறங்கும்போது அக்கா ரிஷானியின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"குளிருதடி குஞ்சு."

என்னைப் பார்க்கவில்லை.